துரைசாணி தந்த கழுவும் மெசின்

கூச்ச சுபாவக்காரர்களால் யாருக்கும் தொல்லை இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். வாயைத் திறந்தால்தானே வம்பு, இவள்தான் வாயே திறப்பதில்லையே என்று என்னைப் பற்றியும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் எங்கள் டீமேக்கர் ஐயாவைச் சந்தித்ததில்லை. வாயைத் திறக்காமலேயே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மானத்தைக் கப்பலேற்றியவள் நான். அதற்கு எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் பாத்திரம் கழுவுகிற மெசின் ஒன்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம். கினிகத்தேனையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் வளர்ந்து, எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடி வைத்திருந்த என்னை, லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் உதவி டீமேக்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மழை பெய்யும். ஆனால் மழை மழையாகத்தான் இருக்கும். லிந்துலையில் தண்ணீர் என்ற பெயரில் வருவது வேறு ஏதோ ஒன்று. மலையிலிருந்து பீலிக் குழாயில் இறங்கி வரும் அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் முழங்கைவரை உயிர் போய்விடும். அதில் மூன்று வேளையும் பாத்திரம் விளக்க வேண்டும். சாம்பலும் தேங்காய் நாரும் சேர்ந்து, கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே என் விரல் கணுக்கள் எல்லாம் வெடித்துவிட்டன. அந்த வெடிப்போடு மிளகாய் அரைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பாத்திரமாவது லேசான பாத்திரமா? என் வீட்டுக்காரருக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. காலையில் ரொட்டிக்குக் கருவாட்டுச் சம்பல், பகலில் கருவாட்டுக் குழம்பு, இரவில் அதே குழம்பை வற்ற வைத்த சட்டி. அந்தச் சட்டியைப் பனிக்காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் விளக்குவதைவிட மலையை இடம் மாற்றி வைப்பது சுலபம்.

இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. ஒரு வருடம் வேலை பார்க்க விட்டு, கம்பெனி சார்பில் தோட்டங்களைச் சோதிக்க வரும் பெரிய துரை தலையசைத்தால்தான் வேலை நிலைக்கும், குவாட்டர்ஸும் நிலைக்கும். அந்தத் துரையை வி.ஏ. துரை என்போம். அவர் வந்தால் எங்கள் தோட்டத்துத் துரையே நாற்காலி நுனியில்தான் உட்காருவார். வி.ஏ. துரை தலையசைக்காவிட்டால் இவர் என் அப்பா கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டியதுதான். (அப்பாவும் அதை ஒவ்வொரு முறையும் வேடிக்கை போலவே சொல்லிக்கொண்டிருந்தார். இவர் ஒரு முறையும் சிரித்ததில்லை.)

இந்த நேரத்தில்தான் பழைய துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அவர் மனைவி துரைசாணி, உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒரு பொருளை நினைவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள். பங்களாச் சமையல்காரர் மூலம் இவர் துப்பு விசாரித்துவிட்டு ஓடி வந்தார்.

"கனகு, அங்க பாத்திரம் கழுவுற மெசின் ரெண்டு இருக்காம். ஒண்ணு சின்னது, மேசையில வச்சுக் கையால சுத்துறது. இன்னொண்ணு பெருசு, பீப்பா கணக்கா, கரண்டுல ஓடுறது. நீ சின்னதக் கேளு. பெருச எடுத்துறாத."

"சரிங்க."

"நம்ம குசினியில அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவுல ரெண்டு சாண்தான் எடம். சின்னதுதான் தோதுப்படும்."

"சரிங்க."

"வாயத் தெறந்து கேப்பியா?"

"கேப்பேங்க."

பங்களாவுக்கு ஏறும் வழி முழுவதும் "அந்தச் சின்ன மெசினத் தாங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். தேயிலைச் செடிகளிடம் மிக அழகாகச் சொன்னேன். பங்களா விறாந்தையில் துரைசாணி என் முன்னால் வந்து நின்று, "நீ சின்ன டீமேக்கர் பொஞ்சாதி? என்னா வேணும், சொல்லு!" என்று கேட்டபோது, எல்லாம் போய்விட்டது. தலை தானாகக் குனிந்துகொண்டது.

குனிந்த என் கண்ணுக்கு நேராகப் பெரிய மெசினின் சக்கரங்கள் இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் வேறெங்காவது பார்த்திருக்கலாம். ஒரு நல்ல கம்பளம் இருந்தது, அதைப் பார்த்திருந்தால் கம்பளமாவது கிடைத்திருக்கும்.

துரைசாணி என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். கையைத் தட்டினாள்.

"ஓ! பெரிய மெசின்! நீ நல்ல கெட்டிக்காரி!"

இல்லை என்று சொல்ல வேண்டும். தலையை ஒரு பக்கம் ஆட்டினாலும் போதும். நான் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது. சின்ன மெசின் அடுத்து நின்ற பெரிய கிளாக்கரின் மனைவிக்குப் போனது. அந்த அம்மா அதில் பல வருடங்கள் முறுக்குப் போட்டு வைத்திருந்தார்.

வெள்ளை எனாமல் பூசிய அந்தப் பீப்பாயை நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். வழிநெடுகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தில் முதலில் வியப்பு வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது.

"சின்னதுன்னுதானே சொன்னேன்?"

"அவங்களா குடுத்துட்டாங்க."

"நீ என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கலீங்க."

குசினிக்குக் கொண்டு போனார்கள். அம்மியை வெளியே தள்ளினால் இடம் இருந்தது. ஆனால் மெசின் குசினிக் கதவுக்குள் நுழையவில்லை. நிமிர்த்தியும், சாய்த்தும், படுக்க வைத்தும் பார்த்தார்கள். கதவைக் கழற்றினார்கள். நிலையைக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்டார்.

"அளந்து வச்சுட்டுத்தானேடி அனுப்புனேன்!" என்று இவர் வெடித்தார்.

"குசினியத்தாங்க அளந்தீங்க. கதவ அளக்கலையே."

கல்யாணமான பிறகு நான் அவரிடம் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. தூக்கி வந்தவர்கள் நால்வரும் கேட்டார்கள். நால்வரும் போய் ஊருக்கே சொன்னார்கள்.

கடைசியில் மெசின் முன்னறையில் நின்றது. வெந்நீர் ஊற்றி, பாத்திரங்களை அடுக்கி, மூடியை மூடி, இவர் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டார். உள்ளே ஏதோ உறுமியது. அதே நொடியில் எங்கள் வீட்டு விளக்கு மின்மினிப் பூச்சியாய்ச் சுருங்கியது. பக்கத்து வீடுகளிலும் சுருங்கியது. குவாட்டர்ஸ் வரிசைக்கே தொழிற்சாலையிலிருந்து வந்த ஒற்றைக் கம்பியில்தான் கரண்ட். வரிசையின் கடைசி வீட்டில் டீமேக்கர் ஐயாவின் ரேடியோ பாட்டின் நடுவே முனகிக்கொண்டே செத்தது.

டீமேக்கர் ஐயா வந்தார். என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. அவருடைய மூக்குக்குத் தோட்டமே பயப்படும். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்குள் மணக்கிற எதையும் அவர் விடமாட்டார். பெண்கள் தலையில் உள்ள பூவை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். வாசனை எண்ணெய் கூடாது. பீடி கூடாது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பி, வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வரச் சொன்னவர் அவர்.

சண்டை போட வந்தவர் மெசினைப் பார்த்ததும் மெய்ம்மறந்தார். மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"கை படாமக் கழுவுதா?"

"ஆமாங்கய்யா."

"தம்பி, இத வீட்டுல வச்சு வீணாக்காதீங்க. ஸ்டோருக்குக் கொண்டாங்க. நம்ம ருசி பாக்குற கோப்பையெல்லாம் இதுல கழுவுனா எப்படி இருக்கும்! வி.ஏ. தொர பாத்தா அசந்துருவாரு. வேற எந்தத் தோட்டத்துலயும் கெடையாது!"

தேயிலையை ருசி பார்ப்பதற்கென்று ஸ்டோரில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பாக்கியம் அக்கா என்ற தொழிலாளி தினமும் கையால் கழுவுவாள். அந்த வேலையை மெசின் செய்யும். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டுப் பாத்திரங்களையும் மாலையில் அதில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். மெசின் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த சாய்ப்புக் கொட்டகையில் வைக்கப்பட்டது. வேண்டிய கரண்ட் இருந்தது. வேண்டிய வெந்நீர் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"சோப்பு மட்டும் ஆகாது. சோப்பு வாசம் கோப்பையில ஏறுனா தேயில கெட்டுச்சு. சுடுதண்ணி மட்டுந்தான். தெரியுதா?"

தெரிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தலையாட்டினோம். சோப்பு வாசத்துக்கு இவ்வளவு பயப்படுகிற இடத்தில் கருவாட்டு வாசத்தைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, எனக்குக் கூச்சம். இவர் கேட்கவில்லை, தினம் மூன்று வேளை அதிலேயே புழங்குகிற மூக்குக்கு அது ஒரு வாசமாகவே தெரியாது. டீமேக்கர் ஐயா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்பது அவர் மரியாதைக்குக் குறைவு.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சொர்க்கமாக இருந்தது. மாலையில் கூடையில் பாத்திரங்களோடு போவேன். கீழ்த் தட்டில் என் சட்டிகள், வெந்நீர், சுவிட்சு. கையில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் படாது. விரல் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு வந்தது. பாத்திரங்கள் அப்படி மின்னின. "பாத்தியா, கண்ணாடி மாதிரி!" என்று இவர் தட்டில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்வார். சோப்பும் சாம்பலும் காணாத தட்டு எதனால் அவ்வளவு மின்னுகிறது என்று அந்த வீட்டில் யோசிக்க மொத்தம் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்றும் பயன்படவில்லை.

பாக்கியம் அக்கா மட்டும் முணுமுணுப்பாள். "சின்னம்மா, ஒங்க சட்டி குளிச்ச தொட்டியில வாளி வாளியா சுடுதண்ணி ஊத்தி அலசிட்டுத்தான் காலையில கோப்பைய வைக்கிறேன். மெசினு வந்து என் வேலை கொறஞ்சுச்சுன்னு ஐயா சொல்றாரு. நான் இப்ப மெசினையே குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்!"

வி.ஏ. துரை வருவதற்கு முதல் நாள் மாலை, என் கட்டா மீன் கருவாட்டுச் சட்டி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம், துரை பத்து மணிக்குத்தானே வருவார் என்று நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

துரை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கார் சத்தம் கேட்டதும் டீமேக்கர் ஐயா, "கோப்பை! கோப்பை!" என்று கத்தியிருக்கிறார். பாக்கியம் அக்கா அலறிப் புடைத்துக்கொண்டு, தொட்டியை அலசாமல், கீழே எட்டிப் பார்க்காமல், மேல் தட்டில் கோப்பைகளை அடுக்கி, ஒரு வாளி வெந்நீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டாள். டீமேக்கர் ஐயாவுக்கோ அன்று பார்த்து மூக்கடைப்பு. தோட்டம் முழுக்கப் பயந்த அந்த மூக்கு அன்று லீவில் இருந்தது.

நான் மூச்சிரைக்கச் சாய்ப்புக்கு ஓடி வந்தபோது மேல் தட்டு காலியாக இருந்தது. கோப்பைகள் மேசைக்குப் போய்விட்டன. கீழ்த் தட்டில் என் சட்டி. தண்ணீரின் மேல் மஞ்சளாக எண்ணெய் வட்டங்கள். எனக்கு எல்லாம் விளங்கியது.

மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் ருசி பார்க்கும் அறை. தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன். நீண்ட மேசையில் கோப்பைகள் வரிசையாக. வி.ஏ. துரை ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். துப்பினார். முகம் சுருங்கியது. அடுத்த கோப்பை. சர். துப்பல். அடுத்தது. அவர் முகம் சிவந்துகொண்டே போனது. என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"மீன்!" என்றார் துரை.

"தொர?" என்றார் டீமேக்கர் ஐயா, அடைத்த மூக்கோடு.

"எல்லாம் மீன்! இந்த மாசம் தேயிலை பூராவும் மீன்! அனுப்பக் கூடாது! எல்லாம் நிறுத்து!"

ஸ்டோர் அல்லோலகல்லோலப்பட்டது. அனுப்பக் காத்திருந்த பெட்டிகளை உடைத்து மோந்தார்கள். சாக்குகளை மோந்தார்கள். கொழுந்து வாட்டும் மாடியை மோந்தார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி உள்ளங்கையை மோந்தார்கள். "தேயிலைய வாட்டுனது யாரு? நீங்கதானே தம்பி?" என்று டீமேக்கர் ஐயா கேட்பதும், "ஆமாங்கய்யா, ஆனா..." என்று இவர் குரல் உடைவதும் கேட்டது. வெங்காயம் நிறுக்கும் தராசு என் கண் முன்னால் ஆடியது.

போய்ச் சொல்ல வேண்டும். தேயிலையில் குற்றமில்லை, கோப்பையில்தான் என்று ஒரு வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதற்குள் பூட்ஸ் சத்தம் சாய்ப்பை நோக்கி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டியை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. மூடியை மூடிவிட்டு, மெசினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெசின் மாதிரி நின்றேன்.

வி.ஏ. துரை, புதுத் துரை, டீமேக்கர் ஐயா, இவர், பின்னால் பாக்கியம் அக்கா.

"கோப்பையில எந்தக் குத்தமும் இருக்காதுங்க தொர," என்று டீமேக்கர் ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஸ்டோர்ல கோப்பைய மெசின்லதான் கழுவுறோம். கை படுறதில்ல. ஒரு பொட்டு சோப்பும் கெடையாது!"

"திற," என்றார் வி.ஏ. துரை.

டீமேக்கர் ஐயா கோயில் கதவைத் திறப்பதுபோல மூடியைத் திறந்தார். வெந்நீர் ஆவி எழுந்தது. அந்த வாசம் அடைபட்ட மூக்கையும் திறந்துவிட்டது. கீழ்த் தட்டில் என் கரிச்சட்டி. அதில் ஒட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி ஒரு கட்டா மீன் தலை எல்லோரையும் பார்த்தது.

டீமேக்கர் ஐயா மூடியைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார்.

"இது யாரு சட்டி?" என்றார் டீமேக்கர் ஐயா மெதுவாக.

"சின்னய்யா வீட்டுச் சட்டிங்க," என்றாள் பாக்கியம் அக்கா. "இந்தா நிக்கிறாங்களே சின்னம்மா, அவுங்களுது. ஒசந்த கருவாடுங்க."

வி.ஏ. துரை என் பக்கம் திரும்பினார். குனிந்து சட்டியை மோந்தார்.

"என்னா கருவாடு?"

எனக்கு அன்று முழுவதும் வராத குரல், வேண்டாத இடத்தில், கணீரென்று வந்தது.

"கட்டாங்க! அப்பா கடையில வாங்குனது!"

(அப்பா கடையை ஏன் இழுத்தேன்? விளம்பரமா?)

அவர் என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். "சட்டிக்கு நல்ல வாசம். தேத்தண்ணிக்குக் கூடாது," என்றார். சிரிக்கவில்லை. "கோப்பை எல்லாம் கையால கழுவு. பிறகு பார்ப்போம்."

அன்று அந்தக் கோப்பைகளைக் கழுவினோம். கொதிக்கிற தண்ணீரில் நான் அலச, இவர் துடைக்க, பாக்கியம் அக்கா மோந்து பார்த்து, "இன்னும் இருக்கு" என்று திருப்பித் தர, மறுபடி அலச. அவள் தேறியது என்று சொன்னதை டீமேக்கர் ஐயா மோந்து பார்க்க, அவர் தேறியது என்று சொன்னதைப் புதுத் துரை மோந்து பார்க்க, கடைசியில் வி.ஏ. துரையும் ஒவ்வொன்றையும் மூக்கருகில் வைத்துவிட்டே தேயிலையை ஊற்றச் சொன்னார். சர். துப்பல். சர். துப்பல்.

"தேயிலை நல்லம்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் இவர் வேலைக்கு அவர் தலையசைக்கவில்லை. "அடுத்த தடவை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த தடவை என்பது ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் கருவாடு கூடாது என்று டீமேக்கர் ஐயாவின் உத்தரவு. பருப்பையும் பூசணிக்காயையும் பார்த்துப் பார்த்து இவர் இளைத்துப் போனார். நான் பரிமாறும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் தேவலை. ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. அன்று இரவு அவர் தின்ற கருவாட்டை எழுதினால் நம்பமாட்டீர்கள்.

மெசின் அந்தச் சாய்ப்பிலேயே நின்றது. மழையில் நனைந்த கம்பளிகளை ஆட்கள் அதன்மேல் போட்டு வைத்தார்கள். என் விரல் கணுக்கள் மறுபடி வெடிக்கத் தொடங்கியபோதுதான் இவர் ஒருநாள் அடுப்படியில் வந்து நின்று யோசித்து, "ஏன் கனகு, ஒரு கேத்தல் தண்ணிய சுட வச்சு ஊத்திக் கழுவுனா என்ன?" என்று கேட்டார். விறகு தோட்டத்தில் சும்மா கிடைக்கும். அடுப்பு நாளெல்லாம் எரியும். கேத்தல் அதன் பக்கத்திலேயே இருந்தது. இந்த யோசனைக்கு வருவதற்கு எங்களுக்கு ஒரு துரைசாணி, இரண்டு துரைமார், ஒரு ஸ்டோர், ஒரு மாதத் தேயிலை எல்லாம் தேவைப்பட்டன. அன்று முதல் இரவில் பாத்திரம் கழுவ வெந்நீர் வைப்பது அவர் வேலை. இன்றும் வைக்கிறார்.

ஆனால் அந்த நாளின் பழக்கம் ஒன்று எங்களை விடவில்லை. தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கோப்பையை மோந்து பார்ப்பது. முதலில் என்னைக் கேலி செய்ய இவர் தொடங்கினார். பிறகு பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யாருக்கும் அது கேலி என்று நினைவில்லை. கை தானாகக் கோப்பையை மூக்குக்குக் கொண்டு போகும்.

என் மகளைப் பெண் பார்க்கப் பூண்டுலோயாவிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல குடும்பம். தட்டில் வெறும் கோப்பைகளை வைத்து, ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு நான் கேத்தலை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர், என் மகன், அலங்காரத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண் எல்லோரும் வரிசையாகக் கோப்பையை மோந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் இதைக் கூர்ந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு மிகுந்த பயபக்தியோடு தன் கோப்பையை எடுத்து மோந்தார். மனைவியை முழங்கையால் இடித்தார். அந்த அம்மாவும் மோந்தார். மாப்பிள்ளையும் மோந்தார்.

விளக்கம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பேசாமல் தேத்தண்ணீரை ஊற்றினேன்.

கல்யாணம் நடந்து மகளும் பூண்டுலோயாவுக்குப் போய்விட்டாள். போன மாதம் அங்கே போயிருந்தேன். நாலு வயதுப் பேரன் பால் கோப்பையை மோந்து பார்க்காமல் வாயில் வைத்துவிட்டான். சம்பந்தியம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோந்துட்டுக் குடிடா கண்ணு. அது நம்ம குடும்பத்து வழக்கம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.